கோட்டுப் பையில் ஒரு ஹான்சல்

எங்கள் அம்மாவுக்கும் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரிக்கும் ஓர் ஐம்பது சதக் காசின் பேரில் மூன்று வாரம் யுத்தம் நடந்தது. எழுபத்தைந்தாம் ஆண்டு ஜனவரி மாதம், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், டன்ஃபோர்த் வீதியிலிருந்து இறங்கும் ஒரு சின்னத் தெருவில். இரண்டு தரப்பாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. தூது போனது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய அந்த யுத்தம் மூன்று வாரம் இழுபட்டதற்கு முக்கால்வாசிக் காரணம் நான்தான் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரியை நாங்கள் மிஸிஸ் என்று கூப்பிட்டோம். அவருடைய குடும்பப் பெயர் எங்கள் வாய்க்குள் நுழைய மறுத்ததால் மிஸிஸோடு நின்றுவிட்டது. ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரிலிருந்து வந்தவர். ஐம்பது வயது தாண்டிய விதவை. ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்துகொண்டு கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். மேல்தளத்தில் இரண்டு அறைகளும் சமைக்க ஒரு துண்டுக் குசினியும் எங்களுக்கு.

மிஸிஸின் ஆங்கிலம் ஒரு தனி ரகம். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த அப்பாவுக்கே அதில் பாதி விளங்காது. எல்லாவற்றுக்கும் 'வெரி குட்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். மிஸிஸ் தன் பூனை செத்துப்போன கதையைச் சொன்ன அன்றும் வெரி குட் என்றார். அம்மா ஊரில் எஸ்.எஸ்.சி. வரை ஆங்கிலம் படித்தவர். வாசித்தால் விளங்கும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். பிழையாகக் கதைப்பதிலும் பார்க்கப் பேசாமல் இருப்பது மரியாதை என்பது அவருடைய கட்சி. ஆகவே கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் செய்தி கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மிஸிஸின் பேச்சை இங்கே எங்கள் தமிழிலேயே தருகிறேன். அப்போதும் அதைத்தான் செய்தேன். இப்போது கொஞ்சம் நேர்மையாகச் செய்கிறேன்.

கொழும்பில் படவரைஞராக இருந்த அப்பா, ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நவம்பரில் ஆட்களைக் குறைத்தார்கள். கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது விதி, கடைசியாக வந்தவர் அப்பா. அரசாங்கம் தரும் உதவிக் காசு வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார்கள். அது வந்துகொண்டே இருந்தது, வந்து சேரவில்லை.

இதற்கு முன்னிருந்த வீட்டில், அப்பாவின் முந்திய வேலை போனது தெரிந்த கிழமையே வீட்டுக்காரன் எங்களை எழும்பச் சொல்லியிருந்தான். அதன் பிறகு ஏழெட்டு வீடு ஏறி இறங்கினோம். தொலைபேசியில் 'இருக்கிறது' என்ற அறை எங்கள் முகத்தைக் கண்டதும் 'இப்போதுதான் போய்விட்டது' ஆகிவிடும். மிஸிஸ் ஒருவர்தான் கதவைத் திறந்து, அப்பாவின் காலைப் பார்த்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்றவர். அதனால் இந்தமுறை வேலை போன செய்தி மிஸிஸின் காதில் விழவே கூடாது என்று அம்மா முடிவெடுத்தார். நடுப் பனியில் பெட்டி படுக்கையோடு மறுபடி தெருவில் நிற்க அவர் தயாராயில்லை. அம்மா முடிவெடுத்தால் எடுத்ததுதான். அப்பா ஒவ்வொரு நாள் காலையும் சாப்பாட்டுப் பெட்டியோடு படியிறங்கி வேலை தேடப் போனார், மாலையில் வேலை முடிந்து வருபவர் போலக் களைத்து ஏறி வந்தார். களைப்பு மட்டும் நடிப்பில்லை. எனக்கும் வாய்ப்பூட்டு. யாராவது கேட்டால் அப்பா வேலைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் என் பழைய கோட்டின் கை முழங்கைக்கு ஏறியது. புதுவருடம் பிறந்த மறுவாரம் அம்மா ஒரு பெரிய கடையின் பையோடு வந்து, அதிலிருந்து ஒரு சிவப்புக் கோட்டை எடுத்தார். கறுப்புப் பொத்தான், உள்ளே வழுவழுவென்று துணி. 'புதுசு, கவனமாய்ப் போடு' என்றார். நான் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, பிறகு படியில் இரண்டு தரம் தேவையில்லாமல் ஏறி இறங்கினேன்.

மூன்றாம் தரம் மிஸிஸ் தன் கதவைத் திறந்தார். வருடத்தின் முதல் திங்கட்கிழமை அது, அவருக்கு விடுமுறை. கோட்டை மேலும் கீழும் பார்த்தார், கழுத்து மடிப்பைத் தொட்டுப் பார்த்தார், புதிதா என்று கேட்டார். புத்தம் புதிது என்றேன். என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு காசைக் கொண்டுவந்து என் வலப்பக்கப் பைக்குள் போட்டார். 'ஹான்சல்' என்று ஒரு சொல் சொன்னார். பழைய ராசாவின் தலை போட்ட ஐம்பது சதம், அசல் வெள்ளி. அப்படி ஒரு காசை அதற்கு முன் நான் கையில் வைத்ததில்லை. மூலைக் கடையில் அதற்கு என்னென்ன வாங்கலாம் என்று படியேறும்போதே பட்டியல் போட்டுவிட்டேன்.

காசைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது.

"உது ஆர் தந்தது? நீ என்ன சொன்னனீ அவவுக்கு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தேன். அம்மா நம்பவில்லை. மிஸிஸுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, இரக்கப்பட்டுப் பிள்ளையின் பைக்குள் பிச்சை போடுகிறார் என்று அவர் தீர்மானித்துவிட்டார். உடனே கொண்டுபோய்க் கொடு, எங்களுக்கு ஒரு குறையுமில்லை என்று சொல்லு என்று என்னைத் திருப்பி அனுப்பினார்.

கீழே போனேன். ஆனால் அந்தச் சொற்களை அப்படியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசின் மீது எனக்கு ஆசை. அதோடு மிஸிஸ் என்னைக் கண்டால் சிரிக்கிற ஆள், அந்தச் சிரிப்பைக் கெடுக்க விருப்பமில்லை. 'அம்மா மிகவும் நன்றி சொன்னார், ஆனால் காசு பெரிசாம்' என்றேன். மிஸிஸ் சிரித்தார். ஹான்சல் வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும், செம்புச் சதம் கொடுத்தால் அதிர்ஷ்டம் வராது, இது தர்மமில்லை என்று அம்மாவிடம் சொல்லு என்று மறுபடி பைக்குள் போட்டார். மேலே வந்து அதைத் தமிழில் சொல்ல வழி தெரியாமல், தன்னிடம் இப்படி நிறையக் காசு இருக்கிறதாம் என்று சுருக்கமாகச் சொல்லிவைத்தேன். அம்மாவின் மூக்கு நுனி சிவந்தது.

அதிலிருந்து காசு நடக்கத் தொடங்கியது. அம்மா அதைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிடுவார், அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அது என் பைக்குள் இருக்கும். மிஸிஸ் வெண்ணெய் பிஸ்கற் சுட்டு ஒரு தட்டில் அனுப்பினார். எங்கள் ஊரில் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கமில்லை. ஆகவே அம்மா வடை சுட்டு வைத்து, நடு வடைக்குக் கீழே காசையும் வைத்து அனுப்பினார். மிஸிஸ் அதைக் கடிக்காமல் விட்டது எங்கள் நல்ல காலம். தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது என்பதை மிஸிஸும் எப்படியோ பிடித்துக்கொண்டார். அடுத்த தரம் பிஸ்கற்றோடு காசும் வந்தது. ஒவ்வொரு பயணத்திலும் இரு தரப்பாரும் என்னிடம் ஒவ்வொரு செய்தி கொடுத்தார்கள். நானும் ஒவ்வொன்றையும் என் வசதிக்கேற்பத் திருத்திக் கொடுத்தேன். அப்பா ஒருநாள் மெல்ல, அரைடொலர்தானே, வாங்கினால் என்ன என்று கேட்டார். அம்மா பார்த்த பார்வையில் பத்திரிகைக்குள் போய்விட்டார்.

மூன்றாவது வாரத்தில் அம்மா தானே படியிறங்கிப் போய் மிஸிஸின் கதவுக்குக் கீழே காசைத் தள்ளிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மிஸிஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை என்னைப் படியடியில் மறித்து, நாளைக்கு மூன்று மணிக்கு மேலே வருகிறேன், அப்பாவையும் அம்மாவையும் இருக்கச் சொல்லு என்றார். இந்தச் செய்தியை மட்டும் ஓர் எழுத்தும் மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். "எழும்பச் சொல்லப் போறா," என்றார். உடனே எழுந்து அடுப்பைத் தேய்க்கத் தொடங்கினார். பிறகு குளியலறை, ஜன்னல், தரை. போவதென்றாலும் அழுக்கு வீட்டை விட்டுவிட்டுப் போனதாக ஒருத்தியும் சொல்லக்கூடாது என்றார். நான் உதவினேன். இரு பக்கமும் சொன்னதைச் சொன்னபடி நான் சொல்லியிருந்தால் இது வந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பிள்ளையாரிடம் இந்த ஒருமுறை காப்பாற்று என்று கேட்டேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அம்மா கூறைச்சேலை உடுத்தியிருந்தார். அப்பா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மிஸிஸும் தேவாலயத்துக்குப் போகும் நீலச் சட்டையில் வந்தார். மூன்று பேரும் கலியாணம் பேச வந்தவர்கள் போல மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மிஸிஸ் காசை மேசையின் நடுவில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, நான் சொல்வதை ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும் என்றார். அவருக்கு என் மீது சந்தேகம் வந்துவிட்டது என்று விளங்கியது. விடாமல் சொன்னேன்.

மிஸிஸின் தாய் முதுகில் கூடை சுமந்து வீடு வீடாக மீன் விற்றவர். காலையில் முதல் மீனுக்குக் கிடைக்கும் காசுதான் அவருக்கு ஹான்சல். அதைத் துப்பல் தொட்டுத் தனிப் பையில் போடுவார். முதல் கை நல்ல கையானால் கூடை காலியாகும். அங்கே பிள்ளை பிறந்தால் அதன் உள்ளங்கையில் வெள்ளிக்காசை வைப்பார்கள், இறுக்கிப் பிடித்தால் பிள்ளை கெட்டிக்காரத்தனமாகப் பிழைக்கும். புதுப் படகுக்கு ஹான்சல் உண்டு, புதுவீட்டுக்கு உண்டு. வருடத்தின் முதல் திங்கட்கிழமைக்குப் பெயரே ஹான்சல் திங்கள். மிஸிஸின் பாட்டன் காலத்தில் பண்ணையில் உழுகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் வேலையில்லை, எசமான் காசும் சாப்பாடும் தருவான். புது உடுப்பின் பையில் காசு போடாமல் பிள்ளையை வெளியே விட மாட்டார்கள், விட்டால் அந்தப் பை என்றைக்கும் வெறும் பைதான். அதைத் திருப்பிக் கொடுப்பது கொடுத்தவரின் நல்ல எண்ணத்தை முகத்தில் எறிவது. இந்த மூன்று வாரமாகத் தன் முகத்தில் எறிகிறார்கள் என்று சொன்னபோது மிஸிஸின் கழுத்துச் சிவந்திருந்தது.

நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கைவியளம்," என்றார்.

வருடப் பிறப்பன்று நல்ல நேரம் பார்த்து, வெற்றிலையில் காசு வைத்துப் பெரியவர்கள் கொடுப்பார்களே, அது. முதல் வியாபாரத்துக்கு நல்ல கை பார்த்து வாங்குவார்களே, அது. அதை அம்மா சொன்ன விதத்தில், இனி எல்லாம் சரி, காசு எனக்குத்தான் என்று நான் நினைத்தேன். ஆனால் அம்மா கையை நீட்டவில்லை. புது உடுப்புக்கு மட்டும்தானா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். புதியதுக்கு மட்டும்தான், பழையதுக்கு யாராவது ஹான்சல் கொடுப்பார்களா என்றார் மிஸிஸ்.

அம்மா காசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"உந்தக் கோட் புதுசில்லை எண்டு சொல்லு."

சொல்லு பிள்ளை என்றார் மறுபடி. நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அம்மா தானே ஆங்கிலத்தில் பேசினார். அந்த வீட்டுக்கு வந்து அதுதான் அவர் மிஸிஸிடம் நேரே பேசிய முதல் பேச்சு. கோட் பழையது, தேவாலயத்தின் நிலவறையில் நடந்த விற்பனையில் வாங்கியது, என் கணவருக்கு வேலை இல்லை. ஒவ்வொன்றாக, பரீட்சையில் விடை சொல்வது போல, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மிஸிஸ் அதிர்ச்சியடையவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார். "அந்தக் கோட்டில விலைச் சீட்டைக் குத்தினதே நான்தான். அண்டைக்கு விக்கிற மேசையில நிண்டது என்ர சிநேகிதி, அவதான் எனக்குச் சொன்னவ."

அப்பாவின் விஷயமும் தெரியும் என்றார். ஒஷாவாவுக்குப் போகும் கார் தினமும் விடிய ஐந்தரைக்கு வாசலில் வந்து ஹோர்ன் அடித்து அவருடைய நித்திரையைக் கெடுக்குமாம். அது நின்று இரண்டு மாதம். இத்தனை ஏற்பாடு செய்த அம்மா அந்த ஹோர்னை யோசிக்கவில்லை. அப்பா 'வெரி குட்' என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகுதான் மிஸிஸ் வந்த காரியத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஒரு பெண் நின்றுவிட்டாள், ஆள் தேவை, வருகிறீர்களா என்று அம்மாவைக் கேட்டார். புருஷன் வேலைக்குப் போகிறான் என்று சொல்கிற ஒருத்தியிடம் போய், உனக்கு வேலை வேண்டுமா என்று எப்படிக் கேட்பது என்று மூன்று வாரமாக யோசித்தாராம். அம்மா அப்பாவைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

மிஸிஸ் எழுந்தார். மேசையில் கிடந்த காசை ஒரு விரலால் அம்மாவின் பக்கம் தள்ளினார். "கோட் புதுசுதான்," என்றார். அம்மா எழுந்து நின்று இரண்டு கையாலும் அதை எடுத்தார். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடு தப்பியது என்ற மகிழ்ச்சியில் இல்லை. யாரோ ஒரு பிள்ளை போட்டுக் கழித்த கோட்டைப் புத்தம் புதிது என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேனே என்ற அவமானத்தில். அம்மா பொய் சொன்னார், தெரிந்துகொண்டே மிஸிஸும் புதிதா என்று கேட்டார், கடைசியில் இரண்டு பேரும் ஒன்று சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கோட்டை இனித் தொடமாட்டேன் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். திங்கட்கிழமை காலை வெளியே பனி கொட்டியது, வேறு கோட் இல்லாததால் தொட்டேன்.

அன்று காலை அம்மா வேலைக்குப் போனதைப் படியிலிருந்து பார்த்தேன். சேலைக்கு மேல் அப்பாவின் கோட், காலில் மிஸிஸின் பழைய பனிச் சப்பாத்து. படியடியில் மிஸிஸ் வெண்ணெய் பூசிய ஒரு துண்டுப் பாணை நீட்டினார். குளித்துச் சாமி கும்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா, அன்று சாமி கும்பிட நேரமில்லாமல் வந்தும், அதை நின்றபடியே தின்றார். இரண்டு பேரும் தெருவில் இறங்கிப் போனார்கள். சம்பளம் குறைவு, நீராவியில் அம்மாவின் கை வெந்து தோல் உரிந்தது, சித்திரையில் ஒரு வேலை கிடைக்கும்வரை அப்பா யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆனாலும் வாடகை ஒரு மாதமும் தவறவில்லை. அந்த வீட்டில் இன்னும் ஆறு வருடம் இருந்தோம்.

வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ஒருநாள் நகரின் பெரிய நூலகத்தில், ஸ்கொட்லாந்துச் சொற்களுக்கென்று இருக்கும் தடித்த அகராதியை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினேன். மீன்காரியின் முதல் காசு இருந்தது, பிள்ளையின் கைவெள்ளி இருந்தது, திங்கட்கிழமை இருந்தது. வேலை தொடங்குமுன் கொடுக்கும் ஒரு துண்டுப் பாணுக்கும் சில ஊர்களில் அதே பெயர் என்று போட்டிருந்தது. மிகப் பழைய காலத்தில் அது கையோடு கை சேர்த்து ஒப்பந்தம் செய்வதைக் குறித்ததாம். எல்லாம் புதிதாகத் தொடங்குவதற்கு. பழைய பொருளுக்கு ஹான்சல் கொடுத்ததாக ஓர் உதாரணமும் அங்கே இல்லை.

அந்தச் சனிக்கிழமை அழுது முடித்து வெளியே வந்ததும் அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் காசு எங்கே? அம்மா தன் கைப்பையின் உட்பையில் அதை வைத்து ஸிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"உது உன்ர காசில்லை," என்றார்.

இதைவிட அநியாயம் உலகத்தில் இல்லை என்று வெகு காலம் மனதில் வைத்திருந்தேன். என் கோட், என் பை, ஆகவே என் காசு. அம்மாவின் கையில் நேரே வைத்தால் அவர் வாங்க மாட்டார் என்று தெரிந்துதான் மிஸிஸ் அதை என் பைக்குள் போட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.